ஹான்ஸ் கழுத்துக் காப்பு: டேல் எர்ன்ஹார்ட் அணிய மறுத்த கருவி குறித்து ஒரு மதிப்புரை

கார் பந்தயத்துக்குப் புதிதாக வருவோர் தலைக்கவசம், தீக்காப்பு உடை, கையுறை ஆகியவற்றுக்குத் தாராளமாகச் செலவிட்டுவிட்டு, மோதலின்போது தலையையும் கழுத்தையும் காக்கும் ஹான்ஸ் கருவியை மட்டும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். அதை அணிந்தே ஓட்டிவருபவன் என்ற முறையில், அந்தத் தயக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை எடுத்துச்சொல்லவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் சாம்பியன் பட்டத்தை ஏழு முறை வென்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட், 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில், நான்காம் வளைவில் உயிரிழந்தார். அவருடைய கறுப்பு நிற மூன்றாம் எண் கார், சக ஓட்டுநர் ஸ்டெர்லிங் மார்லினின் காருடன் உரசி இடப்புறம் சரிந்து, பிறகு திடீரெனச் சரிவான பாதையின் மேற்புறச் சுவரை நோக்கித் திரும்பி, இன்னொரு ஓட்டுநரான கென் ஷ்ரேடரின் காரும் வந்து இடிக்க, மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் கான்கிரீட் சுவரில் மோதியது. பார்த்தவர்களுக்கு அது உயிரைப் பறிக்கும் விபத்தாகவே தோன்றவில்லை. அதே பந்தயத்தில் சற்று முன்னர்தான் டோனி ஸ்டூவர்ட்டின் கார் அந்தரத்தில் உருண்டு விழுந்தும் அவர் பிழைத்திருந்தார். எர்ன்ஹார்டின் சொந்த அணிக்காக ஓட்டிய மைக்கேல் வால்ட்ரிப் முதலிடத்திலும், எர்ன்ஹார்டின் மகன் இரண்டாமிடத்திலும் வந்த நாள் அது என்பதை எண்ணும்போது இப்போதும் மனம் கனக்கிறது.

மரணத்துக்குக் காரணம் மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்பு முறிந்ததே. 2001 ஆகஸ்டில் வெளியான நாஸ்கார் அறிக்கை, ஷ்ரேடரின் காருடன் நேர்ந்த மோதல், சுவரில் மோதிய வேகமும் கோணமும், இருக்கையின் இடுப்புப் பட்டை அறுந்தது எனப் பல காரணங்களைச் சேர்த்தே சொன்னது. பிரேதப் பரிசோதனைப் படங்களைத் தனியாக ஆராய்ந்த டியூக் பல்கலைக்கழகத்தின் பேரி மையர்ஸோ, பட்டை அறாமல் இருந்திருந்தாலும் தலை முன்னோக்கி வீசப்பட்டதே உயிரைப் பறித்திருக்கக்கூடும் என்று கருதினார். எனக்கு இரண்டாவது விளக்கமே பொருந்துவதாகத் தெரிகிறது. ஏனெனில் அதற்கு முந்தைய பத்து மாதங்களுக்குள் ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர் ஆகிய மூன்று நாஸ்கார் ஓட்டுநர்கள் இதே வகைக் காயத்தால் இறந்திருந்தனர். எர்ன்ஹார்ட் அன்று முகம் திறந்த தலைக்கவசத்துடன், கழுத்துக் காப்பு எதுவும் இல்லாமல் ஓட்டினார். ஹான்ஸ் கருவியை அவர் விரும்பியதே இல்லை.

இத்தனைக்கும் அந்தக் கருவி 1980களிலேயே உருவாகிவிட்டது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உயிர்ப்பொறியியல் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும், அவருடைய மைத்துனரும் பந்தய ஓட்டுநருமான ஜிம் டவுனிங்கும், நண்பர் ஒருவர் விபத்தில் இறந்த பிறகு அதை வடிவமைத்தார்கள். மாட்டின் கழுத்தில் நுகத்தடி அமர்வதுபோல் கருவி தோள்களின்மீது அமர்கிறது. இருக்கைப் பட்டையின் தோள் பகுதிகள் அதன்மேல் இறுகுகின்றன. அதிலிருந்து வரும் இரு நாடாக்கள் தலைக்கவசத்தின் இரு பக்கங்களிலும் கொக்கிகளில் மாட்டப்படுகின்றன. மோதலின்போது உடலைப் பட்டை பிடித்துக்கொள்கிறது, தலையையோ எதுவும் பிடிப்பதில்லை. அந்தக் குறையைத்தான் இந்த நாடாக்கள் தீர்க்கின்றன. தலையும் உடலும் ஒன்றாகவே வேகம் குறைவதால், கழுத்து அந்தச் சுமையைத் தனியே தாங்க வேண்டியதில்லை.

ஒரு கிலோவுக்கும் குறைவான எடை என்பதால், அணிந்த சிறிது நேரத்திலேயே அது இருப்பது மறந்துவிடும். கார்பன் இழையால் ஆனது இன்னும் இலகு, ஆனால் விலை மிக அதிகம். தொடக்க நிலையில் இருப்பவருக்குப் பிளாஸ்டிக் கலவையில் வரும் வகையே போதும் என்பது என் கருத்து. குறைகளும் உண்டு. பக்கவாட்டில் தலையைத் திருப்புவது சற்றுக் கட்டுப்படும் என்பதால் காரின் பின்பார்வைக் கண்ணாடிகளைச் சரியாக அமைத்துக்கொள்ள வேண்டும். இருக்கையின் சாய்வுக்குப் பொருந்தாத கோணத்தில் வாங்கினால் கழுத்தெலும்பை அழுத்தி வலிக்கும், சிலர் கழற்றி வைத்துவிடுவதற்கு இந்த வலியே காரணமாகிறது. நிமிர்ந்து அமரும் சலூன் கார்களுக்குப் பெரும்பாலும் 20 பாகை வகை பொருந்தும். சாதாரணக் காரின் மூன்று முனைப் பட்டையுடன் இதைப் பயன்படுத்தவே கூடாது.

எல்லா மரணத்தையும் இது தடுத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். 1994இல் இத்தாலியின் இமோலா களத்தில், சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாகம் ஒன்று தலைக்கவசத்தைத் துளைத்து இறந்த ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அயர்ட்டன் சென்னாவை இது காப்பாற்றியிருக்காது. அதற்கு முந்தைய நாள் அதே களத்தில் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்த ரோலண்ட் ராட்ஸன்பெர்கரின் நிலையோ வேறு. நாஸ்கார் 2001 அக்டோபரிலும், ஃபார்முலா ஒன் 2003இலும் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கின.

வாங்குவதற்கு முன், கருவியில் சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏவின் 8858 தரமுத்திரை இருக்கிறதா என்றும், உங்கள் தலைக்கவசத்தில் கொக்கி பொருத்த அங்கீகரிக்கப்பட்ட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடையில் நின்றபடி அணிந்து பார்ப்பது போதாது. உங்கள் காரின் இருக்கையில் அமர்ந்து, பட்டைகளை இறுக்கிய பிறகே அளவைத் தீர்மானியுங்கள். பயன்படுத்திய கருவியை வாங்குவதானால், அது விபத்தில் சிக்கியதா என்று கேட்டறிந்து, நாடாக்களைப் புதிதாக மாற்றிவிட்டு அணியுங்கள்.