கேள்வி கேட்டே கோளாறைக் கண்டுபிடிக்கும் தெமட்டகொடை கராஜ்

கட்டுநாயக்க அதிவேக வீதியில் 80ஐத் தாண்டினால் போதும், என் காரின் ஸ்டியரிங் நடுங்கும். வேறோர் இடத்தில் சில்லைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் நான்கு டயர்களையும் மாற்றச் சொன்னார்கள். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை.

கொழும்பு தெமட்டகொடையிலுள்ள இந்தச் சிறிய கராஜில் மெக்கானிக் அண்ணன் முதலில் கேள்விகளைத்தான் கேட்டார். "தம்பி, நடுக்கம் கையில் தெரிகிறதா, இருக்கையிலா? பிரேக் பிடித்தால் கூடுகிறதா?" கையில் என்றால் பெரும்பாலும் முன்சில்லு, இருக்கையில் என்றால் பின்சில்லு, பிரேக்கில் மட்டும் என்றால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு இடது முன்சில்லைக் கழற்றிக் காட்டினார். ரிம்மின் உட்புறத்தில், சில்லு சீராகச் சுழல ஒட்டும் பேலன்ஸ் எடைக்கட்டி இருந்த இடத்தில் கறுத்த பசைத்தடம் மட்டுமே இருந்தது. இயந்திரத்தில் சுழற்றி, 35 கிராம் ஒட்டினார். சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டும் செய்யலாமா என்று கேட்டேன். "வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லையே, எதற்கு வீண் செலவு?" என்று மறுத்துவிட்டார். இப்படிச் சொல்பவரிடம் வண்டியை நம்பி ஒப்படைக்கலாம்.

இப்போது 100இலும் ஸ்டியரிங் அசைவதில்லை. உட்கார இடமில்லை, சனிக்கிழமைகளில் நெரிசல் அதிகம். வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.