வேகனின் பின் சஸ்பென்ஷன்: சரி செய்வதா, கழற்றிவிடுவதா?

பின்பக்கம் கட்டை வண்டி மாதிரி தூக்கிப் போடுகிறதா? மெர்சிடிஸ் 124 வரிசை வேகன் (பின்னால் நீண்ட டிக்கி உள்ள கார்) போன்றவற்றில் எண்ணெய் அழுத்தம்தான் பின்பக்க உயரத்தைத் தானாகச் சமன் செய்கிறது. அதில் முதல் சந்தேகம் மெத்தை போல வேலை செய்யும் நைட்ரஜன் அடைத்த இரண்டு உருண்டைகள் மேல்தான். உள்ளிருக்கும் சவ்வு கிழிந்தால் எண்ணெய்க்கு மெத்தை போய்விடும், சஸ்பென்ஷன் விறைத்துக்கொள்ளும். இரண்டையும் ஜோடியாக மாற்றி, புது எண்ணெய் ஊற்றினால் பெரும்பாலும் பழைய சொகுசு திரும்பிவிடும். பம்ப், வால்வு, ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் இடத்தில் இருக்கும் எண்ணெய்த் தண்டு) எல்லாமே ஒழுகினால்தான் செலவு கையைக் கடிக்கும்.

இந்த எண்ணெய் அமைப்பையே கழற்றுவது எளிது என்று தோன்றும். ஆனால் சாதாரண ஷாக் அப்சார்பரை மட்டும் போட்டால் வண்டி பின்னால் உட்கார்ந்துவிடும். சுமையில் ஒரு பங்கை எண்ணெய் அழுத்தம் தாங்குவதால் வண்டியோடு வந்த பின் ஸ்பிரிங் மென்மையானது. அதையும் கனமான ஸ்பிரிங்காகச் சேர்த்தே மாற்ற வேண்டும். அப்புறம் ஒழுகல் கவலை இல்லை. டிக்கி நிறைய சாமான் ஏற்றினால் ஹெட்லைட் மரக்கிளையைப் பார்க்கும், அவ்வளவுதான். அடிக்கடி பாரம் ஏற்றுபவர் என்றால் என் ஓட்டு உருண்டைக்கே.