அமெரிக்க அளவு காமிக்ஸ் உறையும் அட்டையும்: சேலத்து வெயிலில், ஏற்காட்டு ஈரத்தில்

நூறு நூறாகக் கட்டி ஆன்லைனில் விற்கும் பாலிப்ரொப்பிலீன் காமிக்ஸ் உறைகளையும், அவற்றோடு வரும், இதழ் வளையாமலிருக்கப் பின்னால் செருகும் வெள்ளை அட்டைகளையும் பற்றித்தான் இந்த மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்வெல், டிசி இதழ்கள் வைத்திருப்பவர்கள் உறையைத் தாராளமாக வாங்கலாம். அட்டைக்குக் கூரியர் செலவு கட்டுப்படியாகாது. முத்து, லயன், ராணி காமிக்ஸ் சேர்ப்பவர்கள் இரண்டையுமே சேலத்தில் தயார் செய்துகொள்வது நல்லது. அப்படிச் செய்தால் அளவும் பொருந்தும், செலவும் குறையும்.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'கரண்ட்' என்று போட்டிருக்கும் உறை 6.875 × 10.5 இன்ச். இன்றைய அமெரிக்க இதழ் ஏறத்தாழ 6.6 × 10.2 இன்ச் இருப்பதால் கச்சிதமாக உட்காரும். பழைய இதழ்கள் கொஞ்சம் அகலமானவை. அவற்றுக்கு 'சில்வர்' என்ற 7.125 இன்ச் உறை வேண்டும். நம் பழைய கையடக்க இதழை இந்த உறைகளில் போட்டால் உள்ளே அங்குமிங்கும் நழுவும். நழுவ நழுவ மூலைகள் மழுங்கி, பின் அடித்த முதுகில் வெள்ளைக் கோடுகள் விழும். உறையே இல்லாமல் அடுக்கியிருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும். தமிழ் இதழ்கள் காலத்துக்குக் காலம் அளவு மாறியவை. எனவே ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு வரிசையிலும் ஓர் இதழை அளந்து பாருங்கள். இதழின் அகலம், அதன் தடிமன், மேலே ஒரு 5 மில்லிமீட்டர்: இவற்றைக் கூட்டினால் வருவதுதான் உறையின் அகலம்.

இந்த அளவுகளில் உறை கிடைக்குமா என்று கேட்டால், கிடைக்கும். சட்டை, வேட்டி பேக்கிங்குக்கு வரும் பளபளப்பான ஒட்டும் கவரும் பாலிப்ரொப்பிலீன்தான். செவ்வாய்பேட்டைப் பக்கம் கவர் விற்கும் மொத்தக் கடைகளில் அளவைச் சொல்லிக் கேளுங்கள். 50 மைக்ரான் தடிமனுக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். மெல்லிய கவர் கசங்கி, அந்தச் சுருக்கமே அட்டைப்படத்தில் பதிந்துவிடும்.

வாங்கியதும் ஒரு சோதனை. கவரின் ஓரத்தில் சிறு துண்டு வெட்டி, தண்ணீருக்குள் அமிழ்த்தி, காற்றுக் குமிழி ஒட்டாமல் தேய்த்துவிடுங்கள். பாலிப்ரொப்பிலீன் தண்ணீரைவிட லேசானது, மேலே வந்து மிதக்கும். பிவிசி மூழ்கிவிடும். பிவிசியை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் சில வருடங்களில் கசிந்து மையை இளக்கும், அட்டைப்படமும் கவரோடு ஒட்டிக்கொள்ளும். புதுக் கவரைப் பிரித்ததும் ரெக்சின் வாடை குப்பென்று வந்தால் சந்தேகப்படுங்கள். பாலியெஸ்டர் உறையும் மூழ்கத்தான் செய்யும், ஆனால் அது விறைப்பாகச் சடசடக்கும், பிசுபிசுக்காது. மிக அரிய பிரதிகளுக்கு அதுதான் சிறந்தது. பாலிப்ரொப்பிலீன் உறையை ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

மடிப்பில் பசை உள்ள கவர்களில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. இதழை வெளியே இழுக்கும்போது பசை அட்டைப்படத்தில் பட்டால் படத்தின் மேல்தோலே பிய்ந்து வந்துவிடும். பல புத்தகங்கள் கெடுவது இந்த ஒரு நொடியில்தான். பசை மடிப்பில் இல்லாமல் உறையின் முதுகுப் பக்கம் இருக்கும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் பசையின் மேல் இருக்கும் தாளை உரிக்காமல், மடிப்பை அட்டைக்குப் பின்னால் செருகிவிட்டாலே போதும்.

அட்டைக்கு வருவோம். கரண்ட் அளவில் நூறு அட்டை ஏறத்தாழ இரண்டு கிலோ எடை. அதாவது நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பகுதி பார்சலுக்குத்தான் போகிறது. அதற்காக ஜவுளிக்கடை அட்டைப்பெட்டியை வெட்டிப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் சாம்பல் நிறமாக இருக்கும் அந்த டூப்ளெக்ஸ் போர்டு பழைய காகிதக் கூழில் செய்தது. அதிலுள்ள அமிலம் இதழின் கடைசிப் பக்கத்தைப் பழுப்பாக்கும். அச்சகங்களுக்குத் தாள் விற்கும் கடையில் இருபுறமும் வெள்ளையான எஸ்பிஎஸ் போர்டு (வெளுத்த புது மரக்கூழில் செய்த அட்டை) கேளுங்கள். கிழித்துப் பார்த்தால் நடுப்பகுதியும் வெள்ளையாக இருக்க வேண்டும். 23 × 36 இன்ச் ஷீட் ஒன்றில் 6.75 × 10.5 அட்டை பத்து தேறும். 5.5 × 8.5 அளவென்றால் பதினாறு. அச்சகத்தில் கட்டிங் மெஷினில் வெட்டித் தருவார்கள், ஓரம் பிசிறில்லாமல் வரும். ஒரு பக்கம் மட்டும் பூச்சு உள்ள அட்டை மழைக்காலத்தில் வில்லாக வளைந்து இதழையும் சேர்த்து வளைத்துவிடும். தடித்த, முதுகில் பசை போட்டு ஒட்டிய சிறப்பிதழ்களுக்கு அட்டையே தேவையில்லை.

இவ்வளவு பாடு எந்த இதழுக்கு? இதைக் கேட்காமல் உறை வாங்குவது வீண்செலவு. '90களின் காமிக்ஸ் கட்டு' என்று விற்கிறார்களே, ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் அட்டைகளும் கலந்து வரும், அதற்கு நல்ல உறை வேண்டியதில்லை. 1991-ல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் ஐந்து அட்டைப்படங்களில் 80 லட்சத்துக்கும் மேல் அச்சானது. வாங்கியவர்கள் பின்னால் விலை ஏறும் என்று பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு விலை எங்கிருந்து ஏறும்?

பேஸ்பால் அட்டைக் கதையும் அதேதான், இரண்டும் ஒரே கம்பெனிக் கணக்கில் சிக்கிக்கொண்டன என்பது கூடுதல். மார்வெல் 1992-ல் ஃப்ளீர் என்ற அட்டை நிறுவனத்தை வாங்கியது. 1994 ஆகஸ்ட் 12-ல் அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்க, அந்த ஆண்டின் பிளேஆஃபும், இரு லீகுகளின் வெற்றியாளர்கள் மோதும் வேர்ல்ட் சீரிஸ் இறுதித் தொடரும் ரத்தாயின. 1904-க்குப் பிறகு வேர்ல்ட் சீரிஸ் நடக்காமல் போனது அப்போதுதான். ஒரு லீகில் நியூயார்க் யாங்கீஸ் முன்னணியில் இருந்தது. மற்றதில் மான்ட்ரியல் எக்ஸ்போஸ் 74 வெற்றி, 40 தோல்வி என்று எல்லா அணிகளுக்கும் மேலே நின்றது. இரண்டும் மோதியிருக்குமா என்று யாருக்கும் தெரியாமலே போயிற்று. ஐபிஎல் லீக் ஆட்டம் பாதியில் நின்று பிளேஆஃபே நடக்காவிட்டால் ரசிகன் எப்படிக் கொதிப்பான்? கோபித்துக்கொண்ட ரசிகன் அட்டை வாங்குவதைக் குறைத்தான். மார்வெலோ 1995-ல் ஸ்கைபாக்ஸ் என்ற இன்னொரு அட்டை நிறுவனத்தையும் வாங்கியது.

அதே சமயத்தில் ஹீரோஸ் வேர்ல்ட் என்ற விநியோக நிறுவனத்தையும் வாங்கித் தன் இதழ்களை அதன் வழியாக மட்டுமே கொடுத்தது. டிசி, இமேஜ், டார்க் ஹார்ஸ் ஆகிய மற்ற பதிப்பகங்கள் மூன்றும் டயமண்ட் என்ற போட்டி விநியோக நிறுவனத்தின் பக்கம் போயின. கடைக்காரர்கள் விற்காத இதழைத் திருப்பித் தர முடியாத ஏற்பாட்டில் வாங்குபவர்கள். தேங்கிய சரக்கும், பிரிந்த விநியோகமும், சேர்த்து வாங்கும் தள்ளுபடி போனதும் சேர்ந்து அவர்களை அழுத்தின. 1996 டிசம்பரில் மார்வெல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. ஹீரோஸ் வேர்ல்ட் 1997-ல் மூடப்பட்டது. வென்று நின்ற டயமண்டும் 2025 ஜனவரியில் அதே திவால் பாதுகாப்பைத் தேடிப் போனது. 90களின் கட்டு இன்று மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இந்த வரலாறு. அந்த இதழ்களைப் படித்து மகிழுங்கள், நல்ல உறையை மிச்சம் பிடியுங்கள்.

காப்பாற்ற வேண்டியவை நம்மிடம் இருக்கின்றன. சிவகாசியிலிருந்து 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-ல் தொடங்கிய லயன், அதே ஆண்டில் தொடங்கி 2005-ல் நின்றுபோன ராணி காமிக்ஸ். இவற்றை யாரும் முதலீடாக நினைத்து மூடி வைக்கவில்லை. படித்தார்கள், கை மாற்றினார்கள், கடைசியில் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டார்கள். மிஞ்சிய பிரதிகள் மலிவான செய்தித்தாள் ரகத் தாளில் அச்சானவை, தானாகவே பழுத்து நொறுங்குபவை. என் நல்ல உறையும் நல்ல அட்டையும் இவற்றுக்கே.

சேலத்தில் முதல் எதிரி சூடு. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணில் வைக்காதீர்கள், தாள் பழுப்பது சூட்டில் வேகமெடுக்கும். அடுத்தது கரையானும் ராமபாணமும். பெட்டி சுவரைத் தொடாமல், தரையிலிருந்து நான்கு இன்ச் உயரத்தில் இருக்கட்டும். பச்சை வேப்பிலை போடாதீர்கள், அதன் ஈரமே பூஞ்சைக்கு விருந்து. அந்துருண்டையும் வேண்டாம், அந்த வாடை தாளைவிட்டுப் போகாது.

ஏற்காட்டில் ஈரம். பனிமூட்டக் காலத்தில் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும், பின்கள் துருவேறும். 2012-க்குப் பிறகு வந்த வண்ண இதழ்களின் வழவழப்பான ஆர்ட் பேப்பர் இன்னும் மோசம். நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது படம் உரிந்து வரும். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி, 20 லிட்டருக்கு 50 கிராம் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் என்று வையுங்கள். ஆரஞ்சு மணிகள் பச்சையானதும் 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால் மீண்டும் பழைய நிறத்துக்கு வரும். ஈரமான நாளில் உறையிட்டால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டியதாகிவிடும், வெயிலடிக்கும் நாளில் மதியம் அந்த வேலையைச் செய்யுங்கள்.

மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வந்ததும் பெட்டியை உடனே திறக்க வேண்டாம். குளிர்ந்த தாளில் கீழே இருக்கும் சூடான காற்று பட்டால் வேர்க்கும். நான்கைந்து மணி நேரம் மூடியபடியே கிடக்கட்டும், பிறகு திறங்கள்.