குதிகால் தையல் ஆறுமா? டாப்ளரா, பச்சைச் சாயமா?

சாரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ விழுந்து குதிகால் நொறுங்கியவர்களுக்கு எலும்பைச் சேர்த்துப் பிளேட் வைத்துவிடலாம். ஏமாற்றுவது மேலே மூடும் தோல்தான். காலின் வெளிப்பக்கத்தில் ‘ட’ போல ஒரு கீறல் போட்டு, தோலைக் கதவு மாதிரி திறந்து வேலை செய்வது பழைய முறை. அந்தக் கீறல் திரும்பும் மூலைதான் முதலில் கறுக்கும். மூலைக்குப் பெரும்பாலும் ரத்தம் கொடுப்பது, பெரோனியல் தமனியிலிருந்து வரும் ஒரு சிறு கிளை என்று 1999இல் வந்த உடற்கூறு ஆய்வு காட்டியது. கீறலின் செங்குத்துக் கோடு கொஞ்சம் முன்னால் தள்ளிப்போனாலும் அந்தக் கிளை அறுபடும். அப்படியானால் ரத்த ஓட்டத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள எந்த வழி நல்லது?

ரத்த ஓட்டத்தைச் சத்தமாக மாற்றித் தரும் கையடக்க டாப்ளர் பேனா அளவுதான். ஜெல் தடவி வைத்தால் தமனி ‘ஷூ… ஷூ…’ என்று சத்தம் கொடுக்கும். வார்டிலேயே பார்த்துவிடலாம், ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. மூலைக்குப் போகும் அந்தக் கிளைத் தமனி திறந்திருப்பவர்களுக்குப் பெரிய கீறல் போட்டாலும் புண் சிக்கல் குறைவு என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் டாப்ளருக்குத் தெரிவது வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா என்பது மட்டும். கடைமடை வயல் நனைந்ததா என்று அது சொல்லாது. கால் வீங்கியிருந்தாலோ, பார்ப்பவர் கை பழகாததாக இருந்தாலோ இருக்கிற சத்தமும் கேட்காது.

வயலைக் காட்டுவது இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயம். சாயத்தை ரத்தக் குழாயில் ஏற்றி அகச்சிவப்புக் கேமராவைப் பிடித்தால் ரத்தம் போகும் தோல் ஒளிரும், போகாத மூலை இருட்டாகவே நிற்கும். சாயம் ரத்தத்தில் மூன்று நான்கு நிமிடத்திலேயே பாதியாகிவிடும், கல்லீரல் வெளியேற்றிவிடும். அதனால் திரும்பவும் பார்க்கலாம். அயோடின் கலந்தது என்பதால் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். படம் அழகாக இருக்கும், அதை நம்புவதில்தான் கவனம் தேவை. ரத்தத்தை நிறுத்தத் தொடையில் கட்டிய டூர்னிகே பட்டையை அவிழ்த்த பிறகே பார்க்க முடியும். அவிழ்த்த உடனே ரத்தம் பாய்ந்துவருவதால் மோசமான தோல்கூடக் கொஞ்சநேரம் நன்றாகத் தெரியும். குளிர்ந்த தியேட்டர், இறங்கிய பிரஷர் என்றால் நல்ல தோலும் மங்கும். கேமராவின் விலையைக் கேட்டால் பல மருத்துவமனைகள் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளும்.

கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஆஞ்சியோ ஸ்கேன் தமனியின் பாதையைக் காட்டும், தோலைக் காட்டாது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அந்த மருந்து வேறு கவலை. முறிவுக்காக எப்படியும் சிடி எடுக்கிறோம் என்பதற்காக எல்லோருக்கும் இதையும் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

என் ஓட்டு டாப்ளருக்கு. டாப்ளர், சாயம் இரண்டில் கத்தி வைப்பதற்கு முன்பே பேசுவது அதுதான். சத்தம் இல்லையென்றால் திட்டத்தையே மாற்றலாம்: கணுக்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் உள்ள சைனஸ் டார்சி என்ற பள்ளத்தின் வழியில் சின்னக் கீறல் போதுமா, இன்னும் சில நாள் தள்ளலாமா என்று யோசிக்க நேரம் இருக்கிறது. பச்சைச் சாயம் பேசும்போது தோலைத் திறந்து, தைத்தும் முடித்திருப்பார்கள். இறுக்கமான தையலைத் தளர்த்தலாம், புண்ணின் நீரை உறிஞ்சும் கட்டுப் போடலாம், அந்த மூலையைக் கண்ணில் வைத்திருக்கலாம். கீறலை வேறிடத்துக்கு மாற்ற முடியாது. சர்க்கரை நோயாளி, புகைப்பவர், எலும்பு வெளியே தெரிந்த முறிவு என்றால் இரண்டையும் செய்வதில் தப்பில்லை.

இதில் எதுவுமே இல்லாத ஊரிலும் ஒரு சோதனை உண்டு. வீக்கம் வடிந்திருந்தால், பாதத்தை மேலே மடக்கும்போது வெளிப்பக்கத் தோலில் சுருக்கம் விழவேண்டும். அது விழ ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். அதற்குள் ‘எப்போது டாக்டர் ஆபரேஷன்?’ என்று வீட்டார் தினமும் கேட்பார்கள்.