லைட் அணைந்துவிட்டால் பழுது சரியானதாக நம்பிவிடாதீர்கள்

இரண்டு மாதத்தில் என் காரிலிருந்து இரண்டு நல்ல பாகங்களைக் கழற்றிப் போட்டார்கள். பழுது மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

செக் எஞ்சின் லைட் எரிந்தது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, லேசாகத் திணறியது, ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகியதும் பி0171 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வந்தது. “ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்றார் மெக்கானிக். எஞ்சினிலிருந்து வெளிவரும் புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அளப்பது அது. பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஸ்கேனரே சொல்கிறதே என்று நானும் சரி என்றேன். மாற்றினார்கள், கோடை அழித்தார்கள், லைட் அணைந்தது.

நான்காம் நாள் மறுபடி எரிந்தது. இந்த முறை உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரை மாற்றினார்கள். ஒரு வாரம் நிம்மதி. மூன்றாம் முறை போனபோது பெட்ரோல் பம்ப் மாற்ற வேண்டும் என்றார்கள். அப்போ முன்னால் மாற்றிய இரண்டும் எதற்கு என்று கேட்டேன். “அதுவும் வீக்காத்தான் சார் இருந்துச்சு.” பழைய பாகங்களைக் கேட்டால், தூக்கிப் போட்டாச்சாம். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அடுத்துப் பார்த்த மெக்கானிக் கோடைப் படித்ததோடு நிற்கவில்லை. பி0171 என்றால் எஞ்சினுக்குப் போகும் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அர்த்தம், எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்லாது என்றார். எஞ்சினை ஓடவிட்டு ஃப்யூவல் ட்ரிம் அளவைக் காட்டினார்; கலவையைச் சரிசெய்ய எஞ்சின் கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. ஐடிலில் +22 சதவீதம்; 2500 ஆர்பிஎம்மில் +5க்கு இறங்கியது. பம்ப் பலவீனமென்றால் வேகம் கூடக் கூட அளவு ஏறியிருக்கும். ஐடிலில் மட்டும் எகிறினால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. புகையைச் செலுத்திப் பார்த்தார். எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால், விரல் நீளமுள்ள ஒரு ரப்பர் ஹோஸின் வெடிப்பிலிருந்து புகை வந்தது. அதை மாற்றிய பிறகு லைட் எரியவே இல்லை.

எனக்கு ஆறவே மாட்டேன் என்கிற விஷயம், அந்த ஆக்சிஜன் சென்சார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. காற்று அதிகம் என்ற உண்மையைச் சொன்னதற்காக அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். நடுவில் லைட் அணைந்திருந்ததற்கும் காரணம் உண்டு. கோடை அழித்தால் எஞ்சின் கணினி அதுவரை கற்று வைத்திருந்த ட்ரிம் அளவுகளும் பெரும்பாலும் அழிந்துவிடும். மீண்டும் கற்று, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே குறையைக் கண்ட பிறகுதான் இந்தக் கோடுக்கு லைட் எரியும். அந்த இடைவெளியைத்தான் ரிப்பேர் என்று எனக்கு விற்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “கோடு வந்துச்சு, மாத்தினோம்” என்று முடித்துவிட்டார்கள்.

அதனால் கோடை அழிக்க விடுவதற்கு முன் அதையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழுது பதிவான நேரத்தில் எஞ்சின் என்ன சூட்டில், எந்த வேகத்தில் இருந்தது என்பது அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். பாகத்தை மாற்றணும் என்றால், அது கெட்டதென்று எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேளுங்கள். கழற்றியதைக் கையில் வாங்குங்கள்.

ஒன்று மட்டும், லைட் நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் இப்படி நிதானமாக விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம். பெரும்பாலும் அது கடுமையான மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.