கீரிப்பாறை இறக்கத்தில் மின்சார கார்: மூன்று ஆண்டு அனுபவம்

நூறு சதவீதம் சார்ஜ் செய்துகொண்டு மலையிலிருந்து இறங்காதீர்கள். கீரிப்பாறைக்கு மேலே உள்ள கிராம்புத் தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டு, வார இறுதியில் தக்கலை வீட்டுக்கு மின்சார காரில் வந்துபோகும் நான் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ரீஜென் என்பது அதுதான். பேட்டரி நிரம்பியிருந்தால் வாங்கி வைக்க இடமிருக்காது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி பிடிப்பில்லாமல் ஓடும். இரண்டு பருவமழையும் கொட்டும் கன்னியாகுமரி மாவட்டத்தில், ஈர வளைவுகளில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது எனக்குப் பிடிப்பதில்லை. செவர்லே போல்ட் காரில் இதற்கென்றே முழுதாக நிரம்பும் முன்பே சார்ஜை நிறுத்தும் ‘ஹில்டாப் ரிசர்வ்’ என்றொரு வசதி இருந்தது. என் வண்டியில் சார்ஜ் வரம்பை 85 சதவீதத்தில் வைத்திருக்கிறேன். அடிவாரத்துத் தடிக்காரன்கோணம் வந்து சேரும்வரை பிரேக்குக்கு அதிக வேலை இல்லை.

பொறியியல் படிக்கும் அக்கா மகனுக்கு இது போதவில்லை. “மாமா, பேட்டரியோடு சூப்பர் கெப்பாசிட்டரும் இருந்தால் இந்தத் தொல்லையே இருக்காது” என்பான். சூப்பர் கெப்பாசிட்டர் என்பது கொஞ்சம் மின்சாரத்தை மட்டும், ஆனால் சட்டென்று வாங்கிச் சட்டென்று கொடுக்கும் சேமிப்பான். பேட்டரி சீரான சுமையைப் பார்த்துக்கொள்ளும்; திடீர் வேகத்தையும் திடீர் பிரேக்கையும் கெப்பாசிட்டர் ஏற்றுக்கொள்ளும். அவன் சொல்வதில் நியாயம் உண்டு. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் பேட்டரிக்குள் உண்டாகும் சூடு நான்கு மடங்காகிறது. கெப்பாசிட்டரோ இலட்சக்கணக்கான முறை ஏறி இறங்கினாலும் அசராது.

ஆனாலும் கணக்குப்பிள்ளை கை சும்மா இருக்குமா? 1,500 கிலோ கார் 300 மீட்டர் உயரம் இறங்கினால் கிடைக்கக்கூடிய ஆற்றல் சுமார் 1.2 யூனிட், அதாவது 1,200 வாட்-மணி. சூப்பர் கெப்பாசிட்டர் கிலோவுக்கு ஏறக்குறைய 5 வாட்-மணிதான் தாங்கும்; லித்தியம் அயன் செல் 150-ஐத் தொடும், தாண்டவும் செய்யும். அந்த இறக்கத்தை முழுதாகப் பிடித்துவைக்க 240 கிலோ கெப்பாசிட்டர் வேண்டும். பிறகு பயணிகளை எங்கே உட்காரவைப்பது?

மார்த்தாண்டம் சந்தை நெரிசலிலும் நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்திலும் கதை வேறு. மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து அதே கார் நின்றால் கிடைப்பது 40 வாட்-மணி. 8 கிலோ போதும். இதில் எனக்குப் பிடித்தது கட்டுப்பாட்டு முறைதான். வண்டி வேகமாக ஓடும்போது அடுத்து வரப்போவது பிரேக் என்பதால் கெப்பாசிட்டரைக் காலியாக வைக்க வேண்டும். நிற்கும்போது, அடுத்தது கிளம்புவதுதான் என்பதால் நிரப்பி வைக்க வேண்டும். மின்னழுத்தம் பாதியாகும்போதே முக்கால் பங்கு ஆற்றல் வெளியேறிவிடும் என்பதால், நடுவில் மின்னழுத்தத்தைச் சரிப்படுத்தும் ஒரு கன்வெர்ட்டரும் தேவை. செலவு அங்கேதான் ஏறுகிறது.

காற்றுக்கு இதெல்லாம் உதவாது. தென்மேற்குப் பருவத்தில் திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது ஆரல்வாய்மொழியில் எதிர்காற்று முகத்தில் அறையும். 80-ல் ஓடும் வண்டிக்கு 30 கிலோமீட்டர் எதிர்காற்று சேர்ந்தால் காற்றுத்தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அது நொடிப்பொழுதில் தீரும் சுமையல்ல, முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டியும் தொடர்வது. முழுக்கப் பேட்டரியின் தலையில்தான் விழும். அங்கே வேகத்தை 60-க்குக் குறைத்துவிடுகிறேன்.

நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று கிளம்பும் மார்த்தாண்டம் டவுன் பஸ் மின்சாரத்துக்கு மாறினால், அதில் கெப்பாசிட்டரைப் பொருத்துவதற்கு என் ஓட்டு உண்டு. என் காருக்கு, அந்தக் காசில் சற்றே பெரிய பேட்டரி கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். மருமகன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.