பெயிண்ட் அழகுதான், எர்த் எங்கே?

நண்பர் ஒருவர் தானும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாமா என்று கேட்கிறார். கேட்ட நேரம் சரியில்லை. என் பழைய வண்டியின் பின்விளக்கு மறுபடியும் மங்கியிருக்கிறது.

என்ஜினைக் குறை சொன்னால் வாய் வேகும். பிளக்கைக் கழற்றினால் நுனி வெளிர் பழுப்பு, அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவை கச்சிதம். கியர் சுகமாக விழுகிறது. வாங்கிய புதிதில் டேங்க் துரு, அந்தக் கலவையைத் தயாரிக்கும் கார்புரேட்டரை அடைத்தது. சுத்தம் செய்து வடிகட்டி போட்டதோடு அந்தக் கதை முடிந்தது.

சூடானதும் நின்று, ஆறியதும் கிளம்பும் நோய் ஒன்றும் இருந்தது. பார்த்தவர்கள் அனைவரும் கார்புரேட்டரையே குற்றவாளி ஆக்கினார்கள். நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்தேன். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் திறந்ததும் கிளம்பியிருக்கும், கிளம்பவில்லை. பிறகு இருட்டில் என்ஜினை ஓடவிட்டு, பிளக்கில் பொறி வரவைக்கும் ஸ்விட்சான பாயிண்டைக் கவனித்தபோது அங்கே பெரிய பெரிய பொறிகள். பாயிண்டில் பொறி பறக்காமல் தடுக்கும் கண்டன்சர் சூட்டில் கைவிட்டிருக்கிறது. அதை மாற்றி, கருகிய பாயிண்டைத் தேய்த்து, இடைவெளியை 0.35 மில்லிமீட்டருக்கு வைத்தபின் தொல்லை இல்லை.

என் கோபமெல்லாம் பெயிண்டின் மேல்தான். முன்பு வைத்திருந்தவர் வண்டியைப் 'புதுப்பித்து' விற்றார். கண்ணாடிபோல மின்னும் அந்தப் பூச்சு சட்டகத்தின் போல்ட் துளைகளுக்குள்ளும் போயிருக்கிறது. பழைய வண்டிகளில் பேட்டரிக்கு மின்சாரம் திரும்பும் வழியே, அதாவது எர்த்தே, அந்தச் சட்டகம்தான். பெயிண்ட் மின்சாரத்தை விடாது. வழியை அடைத்தால் மின்சாரம் கிடைத்த சந்தில் நுழையும்: இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து சிமிட்டும், ஹாரன் அடித்தால் ஹெட்லைட் மங்கும். ஹெட்லைட்டை எரியவிட்டு, பேட்டரியின் எர்த் முனைக்கும் என்ஜினுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தேன். சுழியத்தை ஒட்டிக் காட்ட வேண்டியது, ஒரு வோல்ட்டைத் தாண்டியது. ஆறு வோல்ட் வண்டியில் ஒரு வோல்ட் போனாலே பல்பின் வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். இதற்குப் புது பல்ப், புது பேட்டரி என்று மாற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

மருந்து எளிது, மனசுதான் வராது. அந்த அழகான பூச்சைப் போல்ட்டுக்கு அடியில் உப்புத்தாளால் வெறும் உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். பல்வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும். என்ஜினிலிருந்து பேட்டரிக்குத் தடித்த ஒயர் ஒன்று தனியாக இழுப்பது நல்லது. ஹெட்லைட்டுக்கும் அப்படியே; ஹேண்டில்பாரின் கிரீஸ் பூசிய பேரிங் வழியாக எர்த் வரும் என்று நம்புவது வீண். நான் இதையெல்லாம் செய்து முடித்த இடங்களில் விளக்குகள் ஒழுங்காக எரிகின்றன. பின்விளக்கு உட்கார்ந்திருக்கும் பின் மட்கார்டு மட்டும் பாக்கி. அங்கேதான் பெயிண்ட் மிகவும் அழகு.

ஆக, நல்ல என்ஜின், நல்ல ஓட்டம், என் தீர்ப்பு: வாங்காதீர்கள். கேட்கமாட்டேன் என்றால், பெயிண்ட் உரிந்த வண்டியாகப் பாருங்கள். பளபளப்புக்குக் கூடுதல் விலை சொல்பவரிடம் குறைத்துக் கேளுங்கள். அதைச் சுரண்டும் வேலை உங்கள் தலையில்தான் விழப்போகிறது.